ஏழாவது தையல்

"பேன்ட் யாருதுங்க?" என்று கேட்டார் சிக்கந்தர்.

"என் தம்பியோடது. ரெண்டு இஞ்ச் குறைக்கணும்."

"தம்பி எத்தனை உசரம் இருப்பாருங்க?"

அமுதவல்லி ஒரு நொடி தயங்கிவிட்டாள். அந்தத் தயக்கம் அவருக்குப் போதும். பேன்ட்டைப் புரட்டி, இடுப்புப் பட்டியில் தொங்கிய விலைச்சீட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"காலைல ஸ்டேஷனுக்கு எதிர்க்க வாங்கியிருக்கீங்க. அளவு பாத்து வாங்குன மாதிரியும் தெரியலீங்க. உங்களுக்கு வேண்டியது பேன்ட் இல்ல."

"தெச்சுக் கொடுங்க பாய். தைக்கிறதுதானே உங்க தொழில்?"

"தெச்சுத் தர்றேன். ஆனா கேட்டுட்டேதான் தெப்பேன்."

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு பழைய வீட்டு மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒரு தையல் மிஷின், ஒரு முக்காலி, சுவரில் 'ஆல்ட்ரேஷன் மட்டும்' என்று ஒரு அட்டை. சிக்கந்தர் உட்கார்ந்து துணியை ஊசிக்கு அடியில் கொடுத்தார். இடது கை.

அதற்காகத்தான் அமுதவல்லி சென்னையிலிருந்து வந்திருந்தாள். இந்தக் கடைக்காரர் இடது கைக்காரர் என்று விசாரித்து, அந்தக் கை தைப்பதைப் பார்க்க. மடித்துத் தைத்த முதல் காலை அவர் கீழே வைத்ததும், கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தையலை எண்ணினாள். ஏழாவதில் நின்று உற்றுப் பார்த்தாள். பதினான்காவது. இருபத்தொன்றாவது.

"நகைக்கடையிலிருந்து வர்றீங்களா?" என்றார் சிக்கந்தர், மிஷினை நிறுத்தாமல்.

அமுதவல்லி அடையாள அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "மனிதப் பக்கப் பதிவகம். அமுதவல்லி, நேர்முகச் சரிபார்ப்பாளர். இது என்ன ஆபீசுங்க?"

"நெட்ல சொந்தமா ஒரு பக்கம் வச்சு யாராவது எழுதினா, அதை எழுதறது மனுஷனா மிஷினான்னு நேர்ல போய்ப் பார்த்துச் சொல்ற ஆபீஸ்."

"யாரு எழுதுனா என்னங்க? படிக்க நல்லா இருந்தாப் போதாதா?"

"நல்லா இருக்கறதுதான் பாய் வம்பு. இப்ப நூறு பக்கத்துல தொண்ணூத்தெட்டு மிஷின் எழுதறது. முழங்கால் வலிக்கிற வாத்தியார், மருமகளோட ஒத்துப்போகாத மாமியார், மூணு கால் நாய் வளர்க்கிற பொண்ணு, எல்லாம் வச்சு உருக்கமா எழுதும். நீங்க கண்ணைத் துடைச்சுட்டு இருக்கும்போதே நடுவுல ஒரு மாத்திரையை வித்துரும். அந்த வாத்தியாரும் கிடையாது, நாயும் கிடையாது."

"ஆமா, ஒரு வாத்தியார் சொன்னார்னு எங்கூட்ல ஒரு தைலம் வாங்கினாங்க," என்றார் சிக்கந்தர் யோசனையாக.

"அந்த வாத்தியாரேதான். அதனாலதான் முத்திரைன்னு ஒண்ணு வந்தது. முத்திரை இல்லாத பக்கம் அடுத்த மாசத்துலேர்ந்து தேடினா கிடைக்காது. இந்தக் கடை விலாசம் போட்டு ஒரு விண்ணப்பம் வந்திருக்கு. பேர் போடலை. 'செக்கர் நாற்பத்தொண்ணு'ன்னு மட்டும். யாரு அது?"

"எனக்கென்னங்க தெரியும்? சந்துல யார் வேணாலும் என் விலாசத்தைப் போடுவாங்க. கேஸ் புக் பண்றவங்ககூட என் பேரைத்தான் குடுக்கறாங்க."

அமுதவல்லி அதை நம்பவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பதினோரு வருஷத்தில் அவள் பார்க்காத ஆளில்லை. நாகர்கோவிலில் ஒருத்தி, ஊரிலுள்ள குழாய்த் தண்ணீரையெல்லாம் தெருவாரியாக ருசி பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். 'மேலத் தெரு: பழைய சாவியை நக்கின மாதிரி' என்பாள். செய்யாறில் ஒரு கண்டக்டர், பயணிகள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கடைசியாகச் சொன்ன வார்த்தையை மட்டும் குறித்து வைத்திருந்தார். விருத்தாசலத்தில் ஒருவர் மின்கம்பம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, அதன் உடல்நிலையை எழுதி வந்தார். ஏன் சார் இதையெல்லாம் எழுதறீங்க என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. தெரியலையேம்மா என்று சிரிப்பார்கள், காபி கொண்டுவரச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே முத்திரையைப் போட்டுவிடலாம் போலிருக்கும்.

'ஒரு நாள் ஒரு பழுது' என்ற இந்தப் பக்கமும் அந்த வகைதான். பனியன் கம்பெனியில் தையல் பிசகிய ஒரு துணி, ஒரு படம், கீழே ஐந்தாறு வரி. அமுதவல்லிக்கு ஒன்று மனப்பாடமே ஆகிவிட்டது.

'பழுது 912. சட்டை, இடது தோள். தையல் நாலு விரல் தூரம் நேராக வந்து, ஒரு நூல் விலகி, மறுபடி நேராகிறது. விலகிய இடத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்திருக்கிறார், கை மட்டும் நிற்கவில்லை. கூப்பிட்டவர் வேண்டியவராக இருக்கவேண்டும். வேண்டாதவர் என்றால் கை நின்றிருக்கும்.'

படித்துவிட்டு அவள் அன்று ஆபீஸ் காபியை ஆறவிட்டாள். ஆனால் சந்தேகம் அவள் தொழில். நாலு வருஷமாக ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறதே, மனிதர் என்றால் ஒரு காய்ச்சல், ஒரு சாவு, ஒரு கல்யாணம் வராதா? அது ஒன்று. இன்னொன்றுதான் பெரிது. கடந்த எட்டு மாதமாக அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்லியது: 'இடது கைக்காரர் தைத்தால் ஏழாவது தையல் மட்டும் சற்று நீளும். ஆறு தையலுக்கு மூச்சைப் பிடித்து, ஏழாவதில் விடுவார்கள்.'

அவள் பூதக்கண்ணாடியை மடக்கினாள். "பாய், நீங்க இடது கைக்காரர். உங்க ஏழாவது தையல் ஆறாவதுக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு. நீளலை. நேத்து சென்னையில இன்னும் ரெண்டு பேரைத் தைக்க வச்சுப் பார்த்தேன். அவங்களுக்கும் நீளலை. அப்ப அந்தப் பக்கத்துல எழுதியிருக்கறது பொய். இப்படிக் கூசாம, அழகா, காரணத்தோட பொய் சொல்றது மிஷின்தான். சாயந்திரம் நிராகரிச்சு எழுதிட்டு ரயில் ஏறிடுவேன்."

சிக்கந்தர் காலை மிதியிலிருந்து எடுத்தார். மிஷின் நின்றது. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"அம்மிணி, சோத்து டப்பாவைத் தூக்கிட்டு இங்கயே வந்துரு. ஆமா, இப்பவே. வந்திருக்காங்க." பிறகு குரலைத் தணித்து, "எண்ணிப் பாத்துட்டாங்க," என்றார்.

வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் '41' என்று எண் போட்ட கம்பெனி அட்டை, காதுக்கு மேலே செருகிய பேனா, புறங்கையில் வரிசையாக ஒட்டிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். பழுது இருக்கும் இடத்தைக் காட்ட செக்கிங் பெண்கள் துணியில் ஒட்டுவது அது. கடைக்குள் வந்ததும் உட்காரவில்லை. அமுதவல்லியைத் தலையிலிருந்து பாதம் வரை பார்த்தாள்.

"கம்பெனி ஆளுங்களா?"

"பதிவகத்து ஆள். அட்டை அங்கே இருக்கு."

"அட்டை அடிக்கறதுக்கு இந்த ஊர்ல நூறு கடை இருக்குதுங்க. போன மாசம் ஒருத்தர் வந்தாரு. உங்க பக்கம் ரொம்பப் புடிச்சிருக்குதுன்னு கண்ணுல தண்ணி விட்டாரு. கம்பெனி மேனேஜரோட மச்சினன்." அவள் குனிந்து அமுதவல்லியின் சேலைக் கரையைச் சட்டென்று பிடித்துத் திருப்பினாள். "கொஞ்சம் நில்லுங்க. இந்த ஃபால்ஸ் நீங்களே தெச்சதுங்களா?"

"ஆமா. ஏன்?"

"பேசாம இருங்க." கோகிலவாணி, அதுதான் அவள் பெயர், விரல் நுனியால் தையலைத் தடவிக்கொண்டே போனாள். "இதுவரைக்கும் பொறுமையா வந்திருக்கீங்க. இங்க ஊசியைக் குத்தி வச்சுட்டு எந்திரிச்சீங்க. யாரோ வந்திருக்காங்க. நல்ல நேரம் பேசியிருக்கீங்க, வேற ஊசி எடுத்திருக்கீங்களே, முதல் ஊசி எங்க வச்சோம்னே மறந்து போச்சு. அப்புறம் தெச்சதெல்லாம் நூலை இறுக்கி இறுக்கி இழுத்திருக்கீங்க. துணி சுருங்கிக் கெடக்குது. வந்தவங்களைத் திட்ட முடியல. கூடப் பொறந்தவங்களுங்களா?"

அமுதவல்லிக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கு வந்தவள் அவள் தங்கை. அம்மா உன்னிடம் ஆறு மாதம், என்னிடம் ஆறு மாதம் என்று பேசி முடித்திருந்ததை, என்னால் முடியாது, நீயே வச்சுக்கோ என்று சொல்லிவிட்டுப் போக வந்தாள். அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தாள். அதனால் இருவரும் குரலை உயர்த்தவில்லை.

"கம்பெனி ஆள் ஃபால்ஸைக் கையில தெச்சுக் கட்ட மாட்டா," என்று கோகிலவாணி சிக்கந்தரிடம் சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். "இவங்க நெசம். கேளுங்க, என்ன கேக்கணும்?"

சரிபார்க்க வந்தவள் தான்தானா, அவளா என்று அமுதவல்லிக்கே ஒரு கணம் குழப்பமாகிவிட்டது. இந்தப் பெண் மனுஷிதான். அதில் இனி சந்தேகமில்லை. ஆனால் அதனால் சந்தேகம் குறையவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது.

"நாலு வருஷமா ஒரு நாள்கூட விடலையே, எப்படி?"

"அன்னைக்கு நான் எழுதலைன்னா, அன்னைக்குத் தெச்சவங்களை ஒருத்தருமே பாக்கலைன்னு ஆயிருமுங்க. எங்கம்மா செத்த அன்னைக்கும் எழுதுனேன். பழுது 604. அதுல ஒண்ணும் தெரியாது, படிச்சுப் பாருங்க."

"சரி. இவ்வளவு பார்க்கத் தெரிஞ்ச நீங்க ஏழாவது தையல்னு ஏன் பொய் எழுதினீங்க?"

கோகிலவாணியும் சிக்கந்தரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சொல்லிரலாமா பாய்?"

"எண்ணிப் பாத்தவங்ககிட்ட இனி என்ன மறைக்கறது?"

"எங்க கம்பெனில துணிக்குப் பின்னாடி ஒரு சீட்டு வப்பாங்க," என்றாள் கோகிலவாணி. "'மனிதக் கை தைத்தது'ன்னு. வெளிநாட்டுல அதுக்கு மூணு மடங்கு மவுசு. அதுக்குன்னு ஒரு லைன், அறுபத்திரண்டு டெய்லருங்க. பாயும் அதுலதான் இருந்தாரு. போன வருஷம் பின்கட்டுல ஒரு ஷெட்டைப் பூட்டி புது மிஷின் எறக்கினாங்க. யாரையும் உள்ள விடல. கொஞ்ச நாள்ல செக்கிங் டேபிளுக்கு வர்ற துணில எனக்கு ஒண்ணு உறுத்துச்சுங்க. பழுதெல்லாம் வந்துச்சு. ஆனா எல்லாமே எங்கயோ படிச்ச மாதிரி இருந்துச்சு."

"எங்கே?"

"என் பக்கத்துலதான். கல்யாணத்துக்குக் கெளம்பற அவசரத்துல தெச்சா எப்படி இருக்கும், குழந்தைக்குக் காய்ச்சல்னா எப்படி இழுக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டா எப்படி விலகும்னு நான் ஒவ்வொண்ணா எழுதி வச்சேனில்லீங்களா? மனுஷக் கை மாதிரி தெரியணும்னு அந்தப் புது மிஷின் அதையெல்லாம் உக்காந்து படிச்சுருக்குது. அந்த 912 சட்டைய ஞாபகம் இருக்குதுங்களா? அதே மாதிரி நாப்பது சட்டை ஒரே நாள்ல வந்துச்சுங்க. நாப்பது பேரை ஒரே நேரத்துல வேண்டியவங்க கூப்பிடுவாங்களா?" அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். "அறுபத்திரண்டு பேரையும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சீட்டு மட்டும் இன்னும் வச்சுட்டுத்தான் இருக்காங்க. வேலையை எடுத்தது மிஷினுங்க. சொல்லிக் குடுத்தது நானு."

"நீ என்ன தெரிஞ்சா செஞ்சே?" என்றார் சிக்கந்தர். நூறு தடவை சொன்னதை நூற்றொன்றாவது தடவை சொல்கிற குரல். "சாப்பிடு அம்மிணி."

"அதனாலதானுங்க ஏழாவது தையல். அப்படி ஒரு பழுது உலகத்துல கெடையாது. நானா இட்டுக்கட்டுனது. எழுதறதுக்கு முந்தின நாளே, 'நாளைக்கு என் பக்கத்துல இன்ன பொய்யை எழுதப்போறேன்'னு ஒரு காயிதத்துல எழுதி, பாய் பேருக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிச்சுட்டேன்."

சிக்கந்தர் மிஷின் இழுப்பறையைத் திறந்து காட்டினார். நூல்கண்டுகளுக்கு நடுவில் ஒரு கவர். பிரிக்காதது. மேலே தபால் முத்திரை, தேதியோடு.

"எழுதி இருபத்திமூணாம் நாள், டேபிளுக்கு வந்த பீஸ்ல ஏழாவது தையல் நீளமா இருந்துச்சுங்க," என்றாள் கோகிலவாணி. "எனக்குக் கையெல்லாம் நடுங்கிப்போச்சு. அன்னைலேர்ந்து தேதியோட படம் எடுத்துப் போட்டுட்டு வர்றேன். இருபத்தெட்டாம் தேதி லேபர் கோர்ட்ல கேஸ் வருது. முத்திரை இல்லாத பக்கத்தைச் சாட்சியா எடுத்துக்க மாட்டாங்கன்னு வக்கீல் சொல்லிட்டாருங்க. நீங்க முத்திரை போடலைன்னா நாலு வருஷமும் போச்சு, அறுபத்திரண்டு பேரும் போச்சு. போட்டு, 'ஏழாவது தையல் அவளே கட்டின பொய்'னு உங்க ரிப்போர்ட்டுல எழுதிட்டீங்கன்னாலும் போச்சு. கேஸுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சு, எல்லா பீஸையும் அமுக்கிருவாங்க."

"எங்க ரிப்போர்ட் ரகசியம்மா. வெளியில போகாது."

"அப்படீங்களா?" கோகிலவாணி அவள் சேலைக் கரையைப் பார்த்த அதே பார்வையை அவள் முகத்தில் வைத்தாள். "காரணம் எழுதணுமாமே, எத்தனை பக்கம்?"

"முன்னெல்லாம் நாலு வரி போதும். இப்ப ரெண்டு வருஷமா அஞ்சு பக்கம் கட்டாயம்."

"ஒருத்தர் மனுஷர்னு தெரிஞ்சப்புறம் அஞ்சு பக்கம் எதுக்குங்க? படிக்கறது யாரு?"

அமுதவல்லி தான் எழுதிய ஐந்து பக்கங்களை மனதில் புரட்டினாள். இந்த இரண்டு வருஷத்தில் போலிப் பக்கங்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகிவிட்டன என்று ஆபீஸில் அவளே வியந்திருக்கிறாள். நாகர்கோவில்காரி ஒரே கதையை மறந்துபோய் இரண்டு தடவை எழுதுகிறாள், அதுதான் மனித லட்சணம் என்று அவள் எழுதினாள். அடுத்த பருவத்தில் வந்த போலிகளெல்லாம் கதையை இரண்டு தடவை சொல்லின. ஏன் எழுதுகிறோம் என்று கேட்டால் இவர்களுக்குப் பதில் தெரியாது என்று எழுதினாள். பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், 'இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை' என்ற வரி. எதிராளி நம்மைவிட ஒரு அடி முந்திக்கொள்கிறான் என்று நினைத்திருந்தாள். எதிராளிக்குத் தானே அஞ்சு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. துணை இயக்குநர் தயாளன்.

"திருப்பூர் என்னாச்சு மேடம்? மனுஷரா?"

"பார்த்துட்டு இருக்கேன் சார். மனுஷர் மாதிரிதான் தெரியுது."

"பேஷ். காரணத்தை மட்டும் கொஞ்சம் விரிவா போட்டுருங்க. உங்க காரணம்தான் மேடம் விசேஷம். மத்தவங்க எழுதறதுல சத்தே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு சார்?"

அந்தப் பக்கம் தயாளன் மின்விசிறியைக் கூட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

"மேலே இருக்கறவங்கதான். வேற யாரு?" என்றார் தயாளன். சிரித்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக.

அமுதவல்லி போனை வைத்துவிட்டு, சிக்கந்தரிடம் கேட்டாள். "ஸ்பீட் போஸ்ட் எந்தத் தெருவுல பாய்?"

கோகிலவாணி கை கழுவிவிட்டு, புறங்கையிலிருந்த அம்பு ஸ்டிக்கரில் ஒன்றை உரித்து அமுதவல்லியின் பூதக்கண்ணாடி உறையில் ஒட்டினாள். "வச்சுக்கோங்க. பழுதைக் கண்டா வாயில சொல்லக்கூடாதுங்க. ஒட்டிட்டு அடுத்த பீஸுக்குப் போயிரணும்."

பதினோரு வருஷத்தில் அமுதவல்லி அறிக்கையில் ஒரு பொய் எழுதியதில்லை. போக்குவரத்துப் பட்டியலில்கூட நடந்து போன தூரத்தை ஆட்டோ என்று போடாதவள். அவள் எழுதியதை யாரும் திரும்பச் சரிபார்த்ததில்லை என்றால் அதனால்தான். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஐந்து பக்கத்தையும் அவள் எழுதி முடித்தபோது ஜோலார்பேட்டை வந்திருந்தது. சேலைக் கரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழுது 604 பற்றியும் இல்லை. ஏழாவது தையல் எங்குமே இல்லை.

'இவர் மனிதர் என்பதற்கு முதன்மைக் காரணம்: செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் குறிப்பு இரண்டு வரி குறைகிறது. அவை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கும் நாட்கள். நான் இதுவரை நேரில் கண்ட பக்கங்கள் பலவற்றிலும் இந்தக் குறைவு உண்டு. இயந்திரத்துக்கு எண்ணெய்க் குளியல் கிடையாது என்பதால் இதை அது அறிய வழியில்லை.'

மறுநாள் தயாளன் அவள் மேஜைக்கே வந்துவிட்டார். "அட, இது புதுசா இருக்கே மேடம்! எப்படித்தான் கண்ல படுதோ உங்களுக்கு!" முத்திரைக்கு அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார். தன் வீட்டில் யார் என்றைக்குத் தலைக்குக் குளிக்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருப்பார் என்று சொல்வதற்கில்லை.

அன்று மாலை அமுதவல்லி இதைப் போனில் சொன்னதும் கோகிலவாணி விழுந்து விழுந்து சிரித்தாள். "செவ்வாக்கெழமை எண்ணெய் வச்சுட்டு ஊற, எந்தக் கம்பெனிலங்க லீவு குடுக்கறாங்க? நான் தலைக்கு ஊத்தி ஒரு மாசமாச்சு! என் பக்கத்தை ஒருத்தன் எண்ணிப் பாத்தா உங்க கதி என்னாகறது?"

"எண்ண மாட்டாங்க. நான் சொன்னா நம்புவாங்க," என்றாள் அமுதவல்லி. சொல்லும்போதே அது கசந்தது.

இருபத்தெட்டாம் தேதி வழக்கு நடந்தது. முத்திரை இருந்ததால் பக்கம் சாட்சியாக ஏறியது. சிக்கந்தர் கவரை நீட்டினார், நீதிபதி தன் கையால் பிரித்து வாசித்தார், கம்பெனி வக்கீல் தண்ணீர் கேட்டார். ஷெட்டைத் திறந்து காட்டச் சொல்லி உத்தரவு; வழக்கு முடியும்வரை சாட்சியை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்றும். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. அறுபத்திரண்டு பேரில் ஒருவரும் இன்னும் உள்ளே போகவில்லை. ஆனால் 'மனிதக் கை தைத்தது' என்ற சீட்டை வைப்பது மட்டும் நின்றுவிட்டது என்றாள் கோகிலவாணி. அவள் தினமும் ஒரு பழுதை எழுதுவது நிற்கவில்லை.

அமுதவல்லி காத்திருந்தாள். வருகிற விண்ணப்பங்களைப் படிக்கிற கண்ணோடு சேர்த்து, எண்ணுகிற கண் ஒன்றும் அவளுக்கு முளைத்துவிட்டது. அறைக்குள் தயாளன் யாரோடாவது பேசினால் அவள் கை தட்டச்சை நிறுத்திவிடும். தான் நினைப்பது தப்பாக இருக்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்ட நாட்களும் உண்டு. பதினோரு வருஷம் உட்கார்ந்த நாற்காலி அல்லவா.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அந்தக் கோப்பு வந்தது. வேதாரண்யத்தில் ஒரு பெரியவர். அறுபத்தெட்டு வயது, மனைவியை இழந்தவர், மோட்டார் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் தண்ணீர் இறைக்கும் ஒவ்வொரு மோட்டாரின் சத்தத்தையும் கேட்டு, அது எந்தப் பாட்டுப் பாடுகிறது என்று எழுதுகிறார். எவ்வளவு அழகாக எழுதியிருந்தது! ரைஸ் மில் மோட்டார் இருமுவதைப் பற்றிய இடத்தில் அமுதவல்லிக்குக் கண் கலங்கியது. கலங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

திங்கள், எட்டு வரி. செவ்வாய், ஆறு. புதன், எட்டு. வியாழன், எட்டு. வெள்ளி, ஆறு. அடுத்த வாரம், அப்படியே. அதற்கடுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமையில் பெரியவர் காரணமும் சொல்லியிருந்தார்:

'இன்று எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்ததில் உடம்பு அசத்துகிறது. இவ்வளவுதான் எழுத முடிந்தது.'

எந்த ஊர் ஆண்பிள்ளை செவ்வாய்க்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்கிறான்? ஆணுக்குப் புதனும் சனியும், பெண்ணுக்குத்தான் செவ்வாயும் வெள்ளியும் என்று வேதாரண்யத்தில் ஒருத்தர்கூட அவருக்குச் சொல்லித் தரவில்லையா? அந்த மனைவியாவது சொல்லியிருக்க மாட்டாளா?

மனைவியே கிடையாதே. பெரியவரும்தான்.

அமுதவல்லி எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று திருப்பூருக்குப் போன் போட்டாள்.

"கோகிலா, ஏழாவது தையல் வந்துடுச்சு."

எதிர்முனையில் மிஷின்களின் இரைச்சல். கோகிலவாணி ஒதுக்குப்புறமாக நடந்து வரும் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"எத்தனை நாள்லீங்க?"

"நான் ரிப்போர்ட் குடுத்த இருபத்தொண்ணாம் நாள் அந்தப் பக்கத்தைத் தொடங்கியிருக்காங்க."

"எங்க கம்பெனிய விட ரெண்டு நாள் முந்தி," என்றாள் கோகிலவாணி. "உங்க ஆபீஸ் சுறுசுறுப்புதானுங்க." பிறகு சிரிப்பு போன குரலில், "பாய் இழுப்பறைல உங்க கவர் பத்திரமா இருக்குது. பிரிச்சரலாமா?"

"இப்ப வேண்டாம். ஒண்ணு வந்தா தற்செயல்னு சொல்லுவாங்க. நாப்பது வரட்டும்."

"அதுவரைக்கும் அங்கயே உக்காந்திருக்கணுமே நீங்க."

"உக்காந்திருக்கேன்."

அறைக்கதவு திறந்தது. தயாளன் தலையை நீட்டினார். "அந்த வேதாரண்யம் பெரியவரைப் படிச்சீங்களா மேடம்? என்ன எழுத்து! நீங்க அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீடியோவுல பார்த்தாலே போதும்னு சொல்லிட்டாங்க. காரணத்தை மட்டும்..."

"விரிவா எழுதிடறேன் சார்," என்றாள் அமுதவல்லி.

அவர் போனபின் அவள் நாற்காலிக்குத் திரும்பி, கோப்பின் முதல் பக்கத்தைப் பிரித்தாள். பெரியவரின் படம். விலாசம். கீழே, 'நேரடிப் பரிந்துரை' என்ற கட்டத்தில் தயாளனின் கையெழுத்து. அவள் பூதக்கண்ணாடியின் உறையிலிருந்து அந்தச் சிவப்பு அம்பை மெல்ல உரித்தாள். செவ்வாய்க்கிழமை வரியின் மேல் ஒட்டப்போனவள், ஒட்டவில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டு, தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த கோப்பை இழுத்தாள்.